டர்போ எஞ்சினும் அதன் பதமும்

திருமுல்லைவாயில் வழியாகச் செல்லும் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் சற்று நேரம் நின்று நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். அங்கு ஓடும் கார்களிலும் சுமை வண்டிகளிலும் பலவற்றின் எஞ்சின்கள் இன்று 'டர்போ' என்னும் காற்றழுத்தும் கருவியுடன் அமைந்தவை. நெசவாளர் சங்கத்தின் ஜவுளிக் கட்டுகளைச் சுமந்து செல்லும் வண்டி, கீரையும் காய்கறியும் கோயம்பேட்டுச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி, அங்கத்தினரின் மகன் வாடகைக்கு ஓட்டும் கார் ஆகியவற்றிலும் இக்கருவியைக் காணலாம். சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய வண்டிகளும் இவற்றுள் அடங்கும்.

இவ்வெஞ்சின்களை 'ட்யூன்' செய்து மேலும் சக்தி பெறலாம் என்னும் பேச்சு இப்பொழுது பரவலாக அடிபடுகிறது. சிறு செலவில் இழுவை கூடும், மேட்டில் கியர் மாற்ற வேண்டுவதில்லை, எரிபொருளும் மிச்சமாகும் என்று சில பட்டறைகளில் சொல்லப்படுகிறது. சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது அங்கத்தினர் சிலர் இது பற்றி நம்மை வினவியதுண்டு. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும், காரணம் அறியாது கேட்கும் அறிவுரை நெடுநாள் நில்லாது. ஆகவே டர்போ எஞ்சின் எவ்வாறு சக்தி தருகிறது, ட்யூனிங் செய்வதால் அச்சக்தி வந்துசேரும் விதம் எவ்வாறு மாறுகிறது, அதற்கு யார் விலை கொடுக்கின்றனர் என்பவற்றை ஈண்டு முறையே எடுத்துரைப்போம்.

துருத்தியின் தத்துவம்

கொல்லன் உலையில் கரியை எவ்வளவு கொட்டினாலும் துருத்தியால் காற்றூதாவிடில் நெருப்புக் கனன்று எரியாது. எஞ்சினும் அவ்வாறே. பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். எரிபொருளை அதிகமாகச் செலுத்துவது எளிது. அதற்கேற்ற காற்றைச் சிலிண்டருக்குள் புகுத்துவதே அரிது. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும்போது வெளிக்காற்று தானாக உட்புகுகிறது. சிலிண்டரின் கொள்ளளவுக்கு மேல் அது புகமாட்டாது.

டர்போ என்பது இக்குறையை நீக்கும் துருத்தியாகும். எரிந்து வெளியேறும் புகையில் வெப்பமும் வேகமும் வீணே கழிகின்றன. அப்புகையின் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தினால், அது வெளிக்காற்றை இழுத்து அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேலாக இத்தண்டு சுழல்வதுண்டு. அதனைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே.

இம்முறைக்குச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி என்னும் எஞ்சினியர் 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய ஆண்டாகிய 1904-ல்தான், இன்று நமது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில், கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. வீணாகக் கழியும் புகையை மீண்டும் எஞ்சினுக்கே உதவச் செய்தது ஒன்று. சிதறிக் கிடந்த சிறு சேமிப்பைத் திரட்டி உழவர்க்கே உதவச் செய்தது மற்றொன்று. பூக்கியின் எண்ணம் செயலுக்கு வர இருபது ஆண்டுகள் சென்றன. 1920-களின் நடுவில் ஜெர்மானியக் கப்பல்கள் இரண்டில் இக்கருவி பொருத்தப்பட்டபோது, ஒவ்வோர் எஞ்சினின் திறனும் 1750 குதிரைசக்தியிலிருந்து 2500 ஆக உயர்ந்தது.

சக்தி வேறு, அது வந்துசேரும் விதம் வேறு

ட்யூனிங் பற்றிய தவறான எண்ணங்கள் பலவும் ஒரு குழப்பத்தினின்று பிறக்கின்றன. விளம்பரத்தில் காணும் 'இத்தனை குதிரைசக்தி' என்னும் எண் எஞ்சினின் உச்சத்தை மட்டுமே குறிக்கிறது. அவ்வுச்சம் எந்தச் சுழல்வேகத்தில் கிட்டுகிறது, அதற்குக் கீழே நிலைமை யாது என்பவற்றை அது சொல்வதில்லை. நமது வண்டிகள் நாள் முழுதும் ஓடுவதோ அந்தக் கீழ்நிலையில்தான்.

நூற்கும் தொழிலில் முறுக்கு என்பதன் பொருள் அங்கத்தினர் அறிந்ததே. எஞ்சினின் தண்டைத் திருகும் ஆற்றலுக்கும் முறுக்கு விசை என்றே பெயர். அதனை நியூட்டன் மீட்டர் என்னும் அளவால் குறிப்பர். முறுக்கு விசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி, ஏறத்தாழ 7024 ஆல் வகுத்தால் கிடைப்பது குதிரைசக்தி. முறுக்கு விசை வண்டியை நகர்த்துகிறது. குதிரைசக்தி அவ்வேலை எவ்வளவு விரைவில் முடிகிறது என்பதைக் காட்டுகிறது.

மெய்யான உதாரணம் ஒன்றைக் காண்போம். ஃபியட் நிறுவனம் வகுத்த 1248 சி.சி. டீசல் எஞ்சின் 2007 முதல் நம் நாட்டில் மாருதி ஸ்விஃப்ட் காரில் வந்தது. 2020-ல் மாருதி நிறுவனம் டீசல் கார்களைக் கைவிடும் வரை, வாடகைக் கார் ஓட்டுவோரிடையே இது பெரிதும் விரும்பப்பட்டது. இந்த எஞ்சின் இரண்டு வகையான பதத்தில் விற்கப்பட்டது. ஸ்விஃப்ட் காரில் 4000 சுற்றில் 75 குதிரைசக்தி, 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர். சியாஸ், எர்டிகா ஆகியவற்றில் 4000 சுற்றில் 90 குதிரைசக்தி, 1750 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர்.

உச்ச முறுக்கு விசையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு 5 மட்டுமே. மேற்கூறிய கணக்கைப் போட்டால், 4000 சுற்றில் முதலாவது தருவது சுமார் 132 நியூட்டன் மீட்டர்; இரண்டாவது தருவது சுமார் 158. அங்கே வேறுபாடு நூற்றுக்கு 20 ஆகிறது. அன்றியும், இரண்டாவது எஞ்சின் 250 சுற்று முன்னதாகவே உச்ச இழுவையை அடைகிறது. சிலிண்டரின் கொள்ளளவு மாறவில்லை. மாறியது டர்போவின் அமைப்பும் அதற்கேற்ற கட்டளைகளுமே.

முதல் வகையை ஓட்டியவர்கள் அதன் குணத்தை அறிவர். 2000 சுற்றுக்குக் கீழே அம்பத்தூர் எஸ்டேட் நெரிசலில் கால் அழுத்தினால் வண்டி தயங்கும். பின்னர்த் திடீரெனப் பாயும். இதனை டர்போ தாமதம் என்பர். புகை போதிய அளவு வந்தால்தான் சக்கரம் சுழலும். சக்கரம் சுழன்றால்தான் காற்று வரும். காற்று வந்தால்தான் புகை மிகும். இந்தச் சுற்று தொடங்கச் சற்று நேரம் ஆகிறது.

நம் ஊர்த் தலவரலாறு இங்கு நினைவுக்கு வருகிறது. பகைவரை வெல்லப் புறப்பட்ட தொண்டைமான் மன்னனின் யானை இவ்விடத்தே முல்லைக்கொடிகளில் கால் சிக்கி நின்றதாம். யானைக்கு வலிமை குறைவில்லை. வேண்டிய நேரத்தில் வேண்டிய திசையில் அவ்வலிமை பயன்படவில்லை. எஞ்சினிலும் உச்ச எண்ணைக் காட்டிலும் இதுவே முக்கியமானது.

கலங்கலும் மடையும்

ட்யூனிங் என்பது எஞ்சினுக்குச் செல்லும் காற்று, எரிபொருள், தீப்பொறியின் நேரம் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று இசைய அமைத்தல். பாவின் இழுப்பு, ஊடையின் அடி, நாடாவின் ஓட்டம் ஆகியவை இசைந்தால்தான் துணி நேராக வரும். ஒன்றை மட்டும் இறுக்கினால் இழை அறும். இங்கும் அப்படியே.

முதலாவது, காற்றழுத்தம். டர்போவை அதன் போக்கில் விட்டால் அழுத்தம் அளவின்றி ஏறி எஞ்சினை உடைத்துவிடும். ஏரிக்குக் கலங்கல் இருப்பதுபோல இதற்கும் ஒரு வடிகால் உண்டு. குறித்த அழுத்தம் வந்தவுடன் புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தில் படாமல் அது வெளியேற்றிவிடும். இதனை வேஸ்ட்கேட் என்பர். ஸ்வீடன் தேசத்துச் சாப் நிறுவனம் 1977-ல் வெளியிட்ட டர்போ கார் இவ்வடிகாலைத் திறம்படப் பயன்படுத்திப் புகழ்பெற்றது. உச்ச வேகத்தை நாடாது, நடுத்தர வேகத்தில் நல்ல இழுவையை அது நாடிற்று. இக்கலங்கலை உயர்த்திக் கட்டுவதே ட்யூனிங்கில் முதல் வேலை. கலங்கலை உயர்த்தினால் ஏரியில் நீர் கூடும். கரை தாங்குமா என்பதே கேள்வி.

இரண்டாவது, சக்கரத்தின் அளவு. சிறிய சக்கரம் விரைவில் சுழலத் தொடங்கும்; தாமதம் குறையும். ஆயின் மிகு வேகத்தில் அதுவே புகைக்கு முட்டுக்கட்டை ஆகும். பெரிய சக்கரம் உச்சத்தில் மிகுந்த சக்தி தரும், கீழ்வேகத்தில் உறங்கும். பந்தயக் காருக்குப் பெரியது பொருந்தும். சந்தைக்குச் செல்லும் வண்டிக்குச் சிறியதே பொருந்தும். இரண்டையும் இணைக்க ஓர் உபாயம் காணப்பட்டது. வாய்க்காலில் நீர் குறைவாயிருக்கையில் மடையைக் குறுக்கினால் பாய்ச்சல் வேகம் பெறும் அல்லவா? அதுபோலவே சக்கரத்தைச் சுற்றி அசையும் இதழ்களை வைத்து, புகை குறைந்தபோது வழியைக் குறுக்கியும் மிகுந்தபோது விரித்தும் கொடுப்பர். மேலே கூறிய 90 குதிரைசக்தி எஞ்சினில் உள்ளது இத்தகைய டர்போவே.

மூன்றாவது, எரிபொருளின் அளவும் நேரமும். இன்றைய கார்களில் இவற்றை ஆள்வது ஒரு சிறு கணிப்பொறி. ஒவ்வொரு சுழல்வேகத்துக்கும் சுமைக்கும் எவ்வளவு எரிபொருள், எப்பொழுது, எவ்வளவு காற்றழுத்தம் என்னும் அட்டவணைகள் அதனுள் உள்ளன. பூந்தமல்லிக்கு அப்பால், இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் நிறுவனம் ஆலை வைத்திருப்பதை அறிவோம். அந்நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வென்யூ காரின் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 1500 சுற்று முதல் 4000 சுற்று வரை ஒரே அளவாக 172 நியூட்டன் மீட்டர் தருவதாகக் குறிக்கப்பட்டது. இயற்கையில் எஞ்சினின் முறுக்கு விசை குன்றுபோல் ஏறி இறங்கும். இங்கே அது வயல்வெளிபோல் சமமாக இருக்கிறது. குன்றின் தலையை நிரவிச் சமப்படுத்தியவர் அட்டவணை எழுதியவரே. 1500 சுற்றில் அது சுமார் 37 குதிரைசக்தியாகவும், 4000 சுற்றில் சுமார் 98 ஆகவும் ஒரே சீராக ஏறும். 6000 சுற்றில் 120 என்னும் உச்சம் வரும்போது முறுக்கு விசை சுமார் 140 ஆகக் குறைந்திருக்கும். வெளியே இருந்து ட்யூன் செய்வோர் இந்த அட்டவணையைத்தான் திருத்தி எழுதுகின்றனர். நிரவப்பட்ட மண்ணை மீண்டும் மேடாக்குகின்றனர் என்று கூறலாம்.

வெப்பம் என்னும் பகை

காற்றை அழுத்தினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்த பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டவர் இதனை அறிவர். நம் ஊர்ப் பகல் வெப்பம் 35 டிகிரி என்று கொள்வோம். டர்போ அக்காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், கருவியின் திறமை நூற்றுக்கு 70 என்று வைத்துக் கணக்கிட, வெப்பம் 130 டிகிரியை எட்டுகிறது. சூடான காற்று விரிந்து நிற்பதால், அழுத்தம் இரு மடங்கானாலும் உட்செல்லும் காற்றின் எடை ஒன்றரை மடங்கே ஆகும். அதனை இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பானில் செலுத்தி 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 1.85 மடங்கு கிட்டும். ஆகவே குளிர்விப்பானைப் பெரிதாக்காது அழுத்தத்தை மட்டும் ஏற்றுவது, ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

பெட்ரோல் எஞ்சினில் இன்னும் ஓர் அபாயம் உண்டு. மிகுந்த அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தால், தீப்பொறியிலிருந்து பரவிவரும் சுடர் வந்து சேருமுன்னரே எஞ்சிய கலவை தானே பற்றி வெடிக்கும். சம்மட்டியால் அடிப்பதுபோன்ற ஓசை கேட்கும். தட்டல் எனப்படும் இது நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாகும். 1962-ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் வெளியிட்ட ஜெட்ஃபயர், உலகின் முதல் டர்போ கார்களுள் ஒன்று. 3.5 லிட்டர் எஞ்சினில் 215 குதிரைசக்தி. தட்டலைத் தடுக்கக் காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் தூவ வேண்டியிருந்தது. உரிமையாளர் பலர் அத்தொட்டியை நிரப்ப மறந்தனர். தொட்டி வற்றியதும் பாதுகாப்பு வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். காரின் வேகமும் குறையும். குற்றச்சாட்டுகள் மிகவே, அக்கார் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை. பின்னர்ப் பல கார்களில் டர்போவைக் கழற்றி, வழக்கமான கார்புரேட்டர் பொருத்தப்பட்டது. யந்திரம் எவ்வளவு நுட்பமாயினும், பராமரிப்போரின் பழக்கத்தைக் கணக்கில் கொள்ளாத பதம் நிலைப்பதில்லை என்பது இதனால் விளங்கும். இப்பொழுது தட்டலைக் கேட்டறியும் கருவி எஞ்சினிலேயே உள்ளது. ஓசை எழுந்தவுடன் கணிப்பொறி தீப்பொறியைப் பின்தள்ளிவிடும். எஞ்சின் தப்பும், சக்தி குறையும். ட்யூன் செய்த கார் காலையில் நன்றாக ஓடி, சித்திரை மாதத்து நண்பகலில் மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டீசல் எஞ்சினில் இத்தகைய தட்டலுக்கு இடமில்லை. அங்கே எல்லை வகுப்பவை புகையும் வெப்பமும். காற்று வருமுன் எரிபொருள் மிகுந்தால் அது பாதி எரிந்து கரும்புகையாகும். 1962 முதல் இந்தியாவுக்கு வந்து, 1964 முதல் வாராணசியில் கட்டப்பட்ட 2600 குதிரைசக்தி டீசல் ரயில் எஞ்சின்களைப் பார்த்தவர்க்கு இது நினைவிருக்கும். நிலையத்தை விட்டுப் புறப்படுகையில் அவை கரும்புகையை வானளாவக் கக்கும். டர்போ வேகம் பெற்றதும் புகை தெளியும். அப்புகை வலிமையின் அடையாளம் என்று எண்ணியவர் உண்டு. உண்மையில் அது எரியாது வீணான எண்ணெய்.

ஆவடி காட்டும் வழி

டர்போ எஞ்சினின் திறனை உயர்த்துவது எத்தகைய வேலை என்பதை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஆவடியில், டாங்கிகளுக்கான எஞ்சின்களைச் செய்வதற்கென்றே தனித் தொழிற்சாலை உள்ளது. அங்குச் செய்யப்பெறும் எஞ்சின்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ரஷ்ய டாங்கி எஞ்சினின் வழிவந்தவை. பன்னிரண்டு சிலிண்டர், சுமார் 38.8 லிட்டர் கொள்ளளவு. டி-34 டாங்கியில் அது 500 குதிரைசக்தி தந்தது. அதே கொள்ளளவில், பற்சக்கரத்தால் இயங்கும் காற்றழுத்தியோடு டி-72 டாங்கியில் 780 தந்தது. டர்போவோடு டி-90 டாங்கியில் 1000 தருகிறது. இவ்விரு எஞ்சின்களும் உள்நாட்டு உறுப்புகளாலேயே ஆவடியில் செய்யப்பெற்று 2018 ஜூலையில் ராணுவத்தினிடம் ஒப்படைக்கப்பட்டன. 2021 அக்டோபர் முதல் இத்தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. இன்னும் மேலே சென்று, ஆவடியில் உள்ள போர்வாகன ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியில் உருவான 1500 குதிரைசக்தி எஞ்சின் 2024 மார்ச்சு 20-ஆம் நாள் மைசூரில் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது.

ஐந்நூறு ஆயிரமாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. காற்று கூடும்தோறும் அதனைத் தாங்கும் உறுப்புகளையும் வலுப்படுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாறுதலும் வண்டியில் ஏறுமுன் சோதனை மேடையில் நெடுநேரம் ஓட்டி அளக்கப்பட்டது. அளவின்றிச் செய்யும் ட்யூனிங்குக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அங்கத்தினரே கணித்துக்கொள்ளலாம்.

மூன்று வவுச்சர்கள்

நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தின் செய்தியை, பெயர் குறியாது இங்கே கூறுவது பயன்தரும். அச்சங்கத்தின் சுமை வண்டியில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தினர். எரிபொருள் குழாயின் அழுத்தத்தை அளக்கும் கருவிக்கும் கணிப்பொறிக்கும் நடுவே அது அமர்ந்து, உள்ளதைவிடக் குறைவான அழுத்தத்தைக் கணிப்பொறிக்குச் சொல்லும். அதை நம்பிய கணிப்பொறி அழுத்தத்தை ஏற்றும். எரிபொருள் மிகும், இழுவையும் மிகும். நிர்வாகக் கமிட்டியார் மகிழ்ந்தனர்.

சில மாதங்கள் சென்றபின் கிளட்ச் வழுக்கியது, மாற்றினர். பின்னர் எண்ணெய் குறைந்து நீலப்புகை வந்தது. டர்போவைக் கழற்றிப் புதியது வைத்தனர். டிரைவர் முரட்டுத்தனமாக ஓட்டியதே காரணம் என்று கமிட்டி முடிவு செய்து, செலவை அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்யத் தீர்மானமும் நிறைவேற்றிற்று. அத்தீர்மானம் நம் பார்வைக்கு வந்தது.

நாம் செய்தது சிறு வேலையே. பெட்டி வாங்கிய வவுச்சர், கிளட்ச் வவுச்சர், டர்போ வவுச்சர் மூன்றையும் தேதி வரிசையில் வைத்தோம். அவற்றோடு வண்டியின் ஓட்டப் புத்தகத்தையும் வைத்தோம். அதே டிரைவர், அதே பாதை, அதே சுமை. பெட்டி வாங்குமுன் இரண்டு ஆண்டுகளாகப் பெரிய பழுது ஒன்றும் இல்லை. காரணமும் விளங்கக்கூடியதே. கிளட்ச் ஒரு குறித்த முறுக்கு விசைக்கே செய்யப்பட்டது. கீழ்வேகத்தில் திடீரென அதற்கு மேல் வந்தால் வழுக்கும், வழுக்கினால் எரியும். எரிபொருளுக்குத் தக்கபடி காற்று கூடாததால் புகையின் வெப்பம் ஏறும். வெப்பம் ஏறினால் டர்போ தண்டைத் தாங்கும் எண்ணெய் கருகும். கருகிய எண்ணெய் மணல்போல் தேய்க்கும். இதில் டிரைவரின் கை எங்கே இருக்கிறது? பெட்டி வைக்கத் தீர்மானித்தவர் அவரல்லர். அவரைக் கலந்தவரும் இல்லை.

இவ்வுண்மையைக் கமிட்டிக் கூட்டத்தில் எடுத்துரைத்தோம். காரியதரிசி மனம் நொந்தார். தலைவர் சற்றுச் சினந்தார். இறுதியில் பிடித்தத் தீர்மானம் ரத்தாயிற்று. பிடித்த இரு மாதத் தொகையும் திருப்பித் தரப்பட்டது. அந்த ஆண்டு வண்டிக் கணக்கில் நஷ்டம் வந்ததை மட்டும் யாரும் ரத்துச் செய்ய இயலவில்லை.

சங்கக் கணக்கு அறிந்தவர்க்கு இதனை வேறு விதமாகவும் கூறலாம். லாபம் முழுவதையும் பங்கிட்டுவிடாமல் ஒரு பகுதியை ஒதுக்கு நிதியில் வைக்கிறோம். வறட்சி ஆண்டில் அது கைகொடுக்கிறது. எஞ்சின் செய்பவரும் அவ்வாறே ஒரு பகுதி வலிமையை வெளிக்காட்டாது வைத்திருக்கிறார். தரங்குறைந்த எரிபொருள், கோடை வெப்பம், அடைபட்ட காற்று வடிகட்டி, அதிகச் சுமை, தாமதமான எண்ணெய் மாற்றம் ஆகியவற்றுக்கெல்லாம் அது ஒதுக்கு நிதி. ட்யூனிங் அந்நிதியை எடுத்து இன்றைய செலவுக்குக் கொடுக்கிறது. புதிய சக்தி எங்கிருந்தோ வந்ததாகத் தோன்றுவது கணக்கைப் பாராததால்தான்.

சட்டமும் கடனும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்தவற்றுக்குப் பதிவுச் சான்றின் விவரங்கள் முரணாகும்படி வண்டியை மாற்றுதல் ஆகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத உறுப்புகளைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளர்க்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வண்டியின் எஞ்சின் திறனும் புகையின் அளவும் உற்பத்தியாளர் அரசினரிடம் பெற்ற ஒப்புதலுக்குள் அடங்கியவை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் 6 விதிகள் புகைக்கு மிகக் கடுமையான வரம்பு வகுத்துள்ளன.

அட்டவணையை மாற்றியது தெரிந்தால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் நிற்காது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியாத மாறுதல் இழப்பீட்டுக் கோரிக்கையில் தடையாக எழக்கூடும். சங்கத்துக்கு ஈடாக உள்ள வண்டியானால் ஈட்டின் மதிப்பும் குறைகிறது. கடன் பெற்றவர்க்கு வண்டி நின்றுவிட்டால் தவணை நிற்பதில்லை. தவணை தவறினால் ஜாமீன் நின்ற அண்டை வீட்டாரும் சங்கடப்படுவர்.

செய்யத்தக்கவை

டர்போ வண்டியிலிருந்து நல்ல இழுவை பெறப் பெட்டியோ புதிய அட்டவணையோ தேவையில்லை. செலவில்லாத வழிகள் சில உள்ளன.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் மிதித்து ஓட்டலாகாது. எண்ணெய் டர்போவைச் சென்றடைய அவகாசம் தரவேண்டும். நெடுஞ்சாலையில் சுமையோடு விரைந்து வந்தபின் உடனே நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்த வேண்டும். சுழலும் சூடான தண்டுக்கு எண்ணெய் திடீரென நின்றால் அது அங்கேயே கருகும்.

உற்பத்தியாளர் குறித்த எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். காற்று வடிகட்டியைத் தூசி நிறைந்த நம் சாலைகளில் அடிக்கடி பார்க்க வேண்டும். இழுவை குறைந்ததாகத் தோன்றினால் ட்யூனிங்கை நாடுமுன், இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் குழாய்களில் வெடிப்பு உள்ளதா என்று நோக்குக. அழுத்திய காற்று அங்கே கசிந்துபோவதே பல வண்டிகளில் நோயாக இருக்கும். குழாயை மாற்றியதும் இழந்த சக்தி திரும்பும்.

டர்போவின் வேகம் அறிந்து கியர் மாற்றுவதே ஓட்டுபவர் கையில் உள்ள ட்யூனிங். 190 நியூட்டன் மீட்டர் 2000 சுற்றில் வருமானால், சுமையோடு மேட்டில் ஏறும்போது எஞ்சினை அதற்குக் கீழே விடாமல் ஒரு கியர் குறைத்துக்கொள்வது தாமதத்தை முற்றும் தவிர்க்கும்.

இனி, வண்டி வாங்குமுன்னரே சிந்திக்க வேண்டியது. உச்சக் குதிரைசக்தியை மட்டும் கேளாது, முறுக்கு விசை எத்தனையாவது சுற்றில் தொடங்கி எதுவரை நீடிக்கிறது என்று கேட்பீராக. சந்தைக்கும் நெரிசலுக்கும் செல்லும் வண்டிக்கு 1500 சுற்றில் கிட்டும் இழுவையே சோறு போடும். போதிய திறனுள்ள வண்டியை முதலிலேயே தேர்ந்து வாங்குவது, குறைந்த திறனுள்ளதை வாங்கி அதனை வருத்துவதிலும் மலிவானது.

சங்கத்தின் வண்டியில் எத்தகைய மாறுதலும் கமிட்டியின் எழுத்து மூலமான தீர்மானமின்றிச் செய்யலாகாது என்று விதி வகுத்துக்கொள்வது நலம். அத்தீர்மானத்துக்கு முன் வண்டியை ஓட்டுபவரின் கருத்தையும் கேட்டுப் பதிவு செய்க. எஞ்சினின் ஓசை மாறுவதை முதலில் கேட்பவர் அவரே. பழுது வந்தபின் அவர்மீது பழி சுமத்துவதைவிட, வருமுன் அவரைக் கேட்பது சங்கத்துக்கு எவ்விதச் செலவும் வைப்பதன்று.